லாரி வந்தது, வாங்க ஆளில்லை!
சாலைக் கடைவீதிக்கு வந்த புதிய சோதனை

திருவனந்தபுரத்தில் பால்காரருக்கும் முன்பாக எழுந்துவிடும் தெரு ஒன்று உண்டு. கிழக்குக் கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சாலைக் கடைவீதிதான் அது. இருட்டுப் பிரியுமுன் லாரிகள் வந்து நிற்கின்றன. தார்ப்பாயை அவிழ்த்தால் ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய், பாவூர்சத்திரத்துக் கத்தரிக்காய், களக்காட்டு ஏத்தங்காய். சுமட்டுத் தொழிலாளர்கள் மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறார்கள். "அண்ணாச்சி, தக்காளி எத்தனை பெட்டி இறங்குது?" என்று ஒரு குரல். "சேட்டா, வெண்டக்க எத்ரயா?" என்று மறு குரல். பத்து மணிக்கு அலுவலகம் போகும் நம் குமாஸ்தா நண்பர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் அவியலில் பாதி, முந்தின நாள் தமிழ்நாட்டுச் சந்தையில் ஏலம் போன சரக்கு.

சரக்கு இப்படிக் கைமாறி வரும் வழியைத்தான் வாணிப ஆராய்ச்சியாளர்கள் 'சப்ளை செயின்', அதாவது விநியோகச் சங்கிலி என்கிறார்கள். அறுந்துபோனால் அது எத்தனை சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது என்பது அதன் தாங்குசக்தி. 2020-இல் கொரோனா வந்த பிறகு இதைப் பற்றி எழுதாத நிர்வாகக் கல்லூரி கிடையாது. அதோடு இன்னொரு கேள்வியையும் அவர்கள் ஆராய்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் வரும் செய்தி, வாங்குகிறவர் மனத்தை எவ்வளவு தூரம் மாற்றுகிறது?

படிப்பவர்களுக்கு இவை இரண்டு பாடங்கள். சாலையில் கடை வைத்திருப்பவருக்கு ஒரே பாடம்தான். லாரி வராவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். லாரி வந்து, வாங்க ஆள் வராவிட்டால்?

திவான் போட்ட தெரு

இந்தக் கடைவீதி இன்று நேற்று வந்ததல்ல. திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்படுத்திய சந்தை இது. ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததும் அவரே. தலைநகருக்குச் சோறு போட்டது நாஞ்சில் நாட்டு நெல். அப்போது அதுவும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. களியக்காவிளையில் எல்லை வந்தது. வண்டி வரும் பாதை மட்டும் மாறவில்லை.

தமிழர் இங்கே வந்து கடை வைத்ததும், கணக்கெழுதியதும், மூட்டை தூக்கியதும் பழைய கதை. அந்தக் கதையைச் சொல்லவும் ஒருவர் இருந்தார். இதே தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்தபடி 'கடைத்தெருக் கதைகள்' எழுதிய ஆ. மாதவன். 2015-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். 2021 ஜனவரியில் மறைந்தார்.

ஒரு வழி அடைத்தால் மறு வழி

சாலைக்குக் காய்கறி வர முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று தெற்கு: ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம். மற்றொன்று கிழக்கு: தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, அங்கிருந்து பாலோடு, நெடுமங்காடு வழியாக நகரம். இவை போதாதென்று வடக்கே வாளையாறு வழியும், குமுளி வழியும் இருக்கின்றன.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதன் அருமை தெரிந்தது. குதிரானில் மண் சரிந்து பாலக்காடு - திருச்சூர் நெடுஞ்சாலை அடைபட்டது. கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. ஆனால் தெற்கு வாசல் திறந்தே இருந்தது. ரயில்களைக்கூட நாகர்கோவில், திருநெல்வேலி வழியாகத் திருப்பி விட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டு, 2017 நவம்பர் 30-இல், ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து வாழைத் தோட்டங்களைப் படுக்கப்போட்டபோதும் வியாபாரிகள் வேறு ஊர்ச் சந்தைகளைத் தேடிக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வடக்கே காசர்கோடு எல்லையில் கர்நாடகத்தார் பாதையில் மண்ணைக் கொட்டி அடைத்து, விவகாரம் கோர்ட்டு வரை போனபோதும், தமிழகத்திலிருந்து அத்தியாவசியச் சரக்கு லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

இதற்குப் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஒரே ஊரை நம்பாதே, ஒரே ஆளை நம்பாதே, பொழுது விடியுமுன் போன் போட்டு விசாரி. இதைத்தான் ஆராய்ச்சி நூல்களும் சொல்கின்றன. அவை அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு மார்ச் 17-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். அங்கிருந்து சிப் வாங்கிய கைப்பேசிக் கம்பெனிகளில் நோக்கியாவும் எரிக்ஸனும் முக்கியமானவை. நோக்கியா உடனே விசாரித்து வேறு இடங்களில் சரக்கைப் பிடித்துக்கொண்டது. எரிக்ஸன், "சரியாகிவிடும்" என்று இருந்துவிட்டு சுமார் நாற்பது கோடி டாலர் இழந்தது. எரிக்ஸன் அதிகாரிகளை ஒரு வாரம் சாலையில் கத்தரிக்காய்க் கடையில் வேலைக்கு வைத்திருந்தால் அந்த நஷ்டம் வந்திராது!

இரண்டு வகை வதந்தி

இத்தனை கெட்டியான சங்கிலி எங்கே அறுகிறது? கடைசிக் கண்ணியில். அந்தக் கண்ணி, பையோடு கடைக்கு வரும் நாம்தான்.

வதந்தி கைப்பேசியோடு பிறந்ததல்ல. 1973 டிசம்பரில் ஜப்பானில் ரயிலில் போன பள்ளிக்கூடப் பெண்கள் மூவர், வங்கியில் வேலைக்குச் சேரவிருந்த ஒருத்தியைக் கேலி செய்தார்கள். "பேங்க் ஆபத்தான இடமாச்சே" என்றார்கள். கொள்ளைக்காரர் வருவார்களே என்ற அர்த்தத்தில் சொன்ன பேச்சு அது. அது வாய்க்கு வாய் மாறி, டொயொகாவா என்ற ஊர்ச் சேமிப்பு வங்கி திவாலாகப் போகிறது என்றாயிற்று. ஒரே வாரத்தில் வங்கி வாசலில் கூட்டம். பிறகு போலீஸார் நூல் பிடித்துப் போய் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தப் பேச்சு ஊர் சுற்ற ஒரு வாரம் வேண்டாம், ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். மூலத்தைத் தேடும் வேலையும் அதே அளவுக்குக் கஷ்டமாகிவிட்டது.

வதந்தியில் இரண்டு ஜாதி உண்டு. "சரக்கு கிடைக்காது" என்பது ஒன்று. 2016 நவம்பரில், பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள், டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புக்குத் தட்டுப்பாடு என்று புரளி கிளம்பிற்று. கிலோ இருநூறு ரூபாய்க்கும் மேல் விற்றது. குஜராத்திலும் நம் தூத்துக்குடியிலும் உப்பு மலையாகக் குவிந்து கிடந்த நாட்கள் அவை! கடையில் மூட்டைகள் வந்து இறங்கியதும் புரளி செத்துப்போயிற்று.

இந்த ஜாதிப் புரளி சங்கிலி முழுவதையும் ஓர் ஆட்டு ஆட்டும் என்பது வேறு விஷயம். ஒரு கிலோ வாங்கும் அம்மாள் பயத்தில் இரண்டு கிலோ வாங்குகிறாள். சில்லறைக் கடைக்காரர் இரட்டிப்பு என்று எண்ணி மும்மடங்கு கேட்கிறார். மண்டிக்காரர் ஐந்து மடங்குக்குச் சொல்லி அனுப்புகிறார். சரக்கு வந்து சேரும்போது அம்மாள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ இருக்கிறது, வாங்க வரமாட்டாள். கைப்பிடியில் லேசாக ஆட்டினால் சாட்டையின் நுனி விளாசுகிறதல்லவா? அதையே பெயராக வைத்து 'சாட்டை விளைவு' என்கிறார்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் அரைத்துணி விற்ற கம்பெனி ஒன்று இதைக் கண்டு திகைத்ததாம். குழந்தைகள் எப்போதும்போல் ஒரே சீராகத்தான் நனைத்தன. ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின!

இரண்டாவது ஜாதி கொடியது. "சரக்கு விஷம்" என்பது. தட்டுப்பாட்டுப் புரளிக்கு மருந்து சரக்கு. விஷப் புரளிக்கு அதிகச் சரக்கு மருந்தாகாது. அழுகும் குவியல்தான் பெரிதாகும்.

2016-இல் கேரளம் முழுவதும் 'சைனா முட்டை' பற்றிய படங்கள் கைப்பேசிகளில் சுற்றின. பிளாஸ்டிக் முட்டையாம், உள்தோல் காகிதம்போல் உரிகிறதாம். பரிசோதித்துப் பார்த்தபோது கோழி முட்டைதான். பழைய முட்டையின் உள்சவ்வு உலர்ந்தால் அப்படித்தான் உரியும். சில ரூபாய்க்குக் கோழி இட்டுத் தருவதை யார் அதைவிட அதிகச் செலவில் பிளாஸ்டிக்கில் செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டையைத்தான் இந்தப் பேச்சு குத்திற்று. 2020 பிப்ரவரியில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று அடுத்த செய்தி. மத்திய அரசு மறுத்தது. மார்ச்சில் கோழிக்கோட்டில் உண்மையாகவே பறவைக் காய்ச்சல் கண்டுவிட, பொய்யும் மெய்யும் பின்னிக்கொண்டன. பல்லடத்துக் கறிக்கோழி விலை தரையில் விழுந்தது.

'நாடன்' என்ற பொய்

நம்மவர்களை நெஞ்சில் தைத்தது 2015-ஆம் ஆண்டுச் சம்பவம். அந்த ஆண்டின் நடுவில், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லிற்று. டி.வி. அனுபமா அப்போது அதன் ஆணையர். தமிழக அரசு மறுத்தது. எல்லையில் சோதனை, உரிமம், பதிவு என்று பேச்சு வளர்ந்தது. அதிகாரிகள் பேசியது எச்சத்தின் அளவைப் பற்றி. கைப்பேசியில் வந்தது "தமிழ்நாட்டுக் காய்கறி விஷம்" என்ற மூன்று சொற்கள்.

அந்த நாட்களில் சாலைக்கு அருகே ஒரு சில்லறைக் கடையில் நின்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் தராசில் நின்றான். ஓர் அம்மாள் பாவக்காயைக் கையில் எடுத்துவிட்டு, "இது தமிழ்நாட்டில நின்னு வந்நதாணோ?" என்று கேட்டார். பையன் ஒரு கணம் தயங்கினான். "அல்ல சேச்சி, நாடன்" என்றான். அம்மாள் வாங்கிக்கொண்டு போனார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொந்த ஊர்ச் சரக்கை இல்லையென்று மறுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது அவனுக்கு. அன்று அவன் பொய் சொல்லியிராவிட்டால் அந்தக் கூடை சாயங்காலம் குப்பைக்குப் போயிருக்கும். கடைக்காரர் கடனுக்கு எடுத்த சரக்கு அது. மண்டிக்கு மறுநாள் பணம் கட்டியாக வேண்டும். வதந்திக்காக மண்டிக் கணக்கில் தள்ளுபடி கிடையாது. சரக்கு குறைந்தால் சுமட்டுக்காரருக்குக் கூலி குறையும். தக்காளியின் ஆயுள் மூன்று நாள். வதந்தியின் ஆயுளோ மூன்று மாதம்.

(இங்கே நம்மூர் லாரியைப் 'பாண்டி லாரி' என்று சிலர் சொல்வதுண்டு. கோபித்துப் பயனில்லை. ஓண விருந்துக்கு இலையும் ஏத்தங்காயும், அத்தப்பூவுக்குத் தோவாளைப் பூவும் அந்த லாரியில்தான் வருகின்றன.)

அதே 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கும் தடை வந்தது நினைவிருக்கும். நெஸ்லே கம்பெனி முப்பதாயிரம் டன்னுக்கு மேல் திரும்ப எடுத்து அழித்தது. கோர்ட்டுக்குப் போயிற்று, பரிசோதனை முடிவுகளைக் காட்டிற்று, பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது, நவம்பரில் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்து விவசாயிக்கு விளம்பரம் ஏது, வக்கீல் ஏது? அவர் முருங்கைக்காயில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை. நல்லவர் விளைத்ததும் கெட்டவர் விளைத்ததும் ஒரே மூட்டையில் 'தமிழ்நாடு' என்றே போயிற்று. அவதூறு வந்தபோதும் அந்த ஒரே பெயருக்குத்தான் வந்தது.

புகையில் கொஞ்சம் நெருப்பு

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாமே பொய் என்று சொல்லிவிட்டால் நாமும் வதந்தி பரப்புகிறவர்களாகிவிடுவோம்.

தெற்கு வாசல் பாதையில் நேமத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணி இருக்கிறது. அங்குள்ள விவசாயக் கல்லூரியில் பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கூடம் உண்டு. கடைகளில் மாதிரி எடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டுவருகிறார்கள். அந்த முடிவுகளைப் பொறுமையாகப் படித்தவருக்கு இரண்டு சங்கதி விளங்கும். பெரும்பாலான மாதிரிகளில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கறிவேப்பிலை, மல்லித்தழை, புதினா, பச்சை மிளகாய் போன்றவற்றில் எச்சம் அடிக்கடி தலைகாட்டுகிறது. 'ஆர்கானிக்' என்று பலகை மாட்டிய கடைகளின் மாதிரிகளும் இதற்கு விலக்கல்ல. பூச்சிமருந்து மாநில எல்லை பார்த்துத் தெளிக்கப்படுவதில்லை.

ஆக, வதந்தி வெறும் காற்றில் முளைக்கவில்லை. கறிவேப்பிலையில் இருந்த குற்றத்தை எடுத்துக் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாவற்றின் தலையிலும் கட்டிற்று. இதற்குப் பதில், "எங்கள் ஊர்க் காயைக் குறை சொல்லாதே" என்று ரோஷப்படுவது அல்ல. எந்தக் காய், எந்தச் சந்தை, எந்த மருந்து, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும். மீன் விஷயத்தில் அது ஓரளவு நடந்தது. 2018-இல் பார்மலின் தெளித்த மீன் ஆரியங்காவு, அமரவிளைச் சோதனைச் சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அந்தச் சமயத்தில் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், மீனில் தேய்த்து மருந்து விட்டால் நிறம் காட்டும் ஒரு காகிதத் துண்டைக் கண்டுபிடித்துத் தந்தது. கண்ணால் பார்க்க முடிந்த பிறகு, பேச்சு மீன் ஜாதி முழுவதையும் விட்டுக் கெட்ட மீனின் பக்கம் திரும்பிற்று.

பயம் நிலையானதல்ல என்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 2021 கடைசியில் மழையால் தக்காளி அழிந்து விலை நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த டிசம்பரில் கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் ஸ்தாபனம் தென்காசி விவசாயிகளிடம் நேராகவே கொள்முதல் செய்ய முன்வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் விஷம் என்றவர்கள் வரிசையில் நின்றார்கள். விலை ஏறியதும் விஷம் இறங்கிவிட்டது போலும்! கேலி ஒருபுறம் இருக்கட்டும். நேர்க் கொள்முதலில் ஒரு நன்மை உண்டு. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேட்டால் சொல்ல முடியும். இந்தப் பதில் கையில் இல்லாததுதான் 2015-இல் நம்மவர்களைக் கவிழ்த்தது.

கேரளமும் சும்மா இருக்கவில்லை. மொட்டை மாடியிலும் கொல்லையிலும் காய்கறி போடச் சொல்லி விதை கொடுத்தார்கள். 2020 நவம்பர் முதல் தேதியிலிருந்து பதினாறு வகைக் காய் கிழங்குகளுக்கு அடிப்படை விலை அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனாலும் ஓணம் வந்தால் லாரிகளின் வரிசை நீளுகிறது.

கைப்பேசியைக் குறை சொல்லலாமா?

வாட்ஸ்அப் கம்பெனி 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறிவந்த செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. மூலச்செய்தி நின்றுவிடவில்லை, வேகம் குறைந்தது. சங்கிலிக்கு வேண்டியதும் அந்த அவகாசம்தான். அதற்குள் ஒரு பரிசோதனை முடிவு வந்து சேர்ந்துவிடலாம்.

அதே கைப்பேசிதான் இன்று மண்டிக்காரரின் வலது கை. லோடு ஏறுமுன் படம் வருகிறது, ஏல விலை வருகிறது, லாரி எங்கே நிற்கிறது என்பதும் தெரிகிறது. வியாபாரிக்குள் வியாபாரி இத்தனை தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள். வாங்கும் அம்மாளுக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. அங்கே காலியாகக் கிடக்கும் இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அலுவலகத்தில் சக ஊழியர் நம்மிடம், "உங்கள் ஊர்க் காயில் விஷமாமே?" என்று கேட்டால் நம்மிடமும் பதில் இருப்பதில்லை, சிரித்து மழுப்புகிறோம், அல்லது சண்டைக்குப் போகிறோம்.

வெள்ளாயணிக்காரர்கள் சொல்லும் கைவைத்தியம் எல்லோருக்கும் எட்டக்கூடியது. புளி கரைத்த நீரிலோ, சிறிது வினிகர் கலந்த நீரிலோ காயையும் இலையையும் கால்மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். உள்ளே ஏறிய மருந்து இதனால் போகாது. மேலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். கறிவேப்பிலைக்கு இது அவசியம்.

பாவக்காய் விற்ற அந்தப் பையன் இப்போது அதே பகுதியில் சொந்தமாகச் சிறு கடை போட்டிருக்கிறான். சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். ஓர் அம்மாள் கறிவேப்பிலைக் கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். அவன் தயங்கவில்லை.

"தமிழ்நாடு தன்னே சேச்சி. புளிவெள்ளத்தில் இட்டுட்டு நல்லா கழுகிக்கோ" என்றான்.

அம்மாள் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டார்.